மூலைக்கொடி ஓரத்து மண்

பாலக்கோடு
2.1.2025

மச்சான் பூவரசனுக்கு,

இங்கு நலம். கோயம்புத்தூரில் உங்கள் நலம் எப்படி என்பதை உங்கள் அக்கா மணிமேகலை தினமும் போனில் பேசி, என் காதில் விழும்படி திருப்பியும் சொல்லிவிடுவதால் தனியாக விசாரிக்கவில்லை. எனக்குச் சர்க்கரை அப்படியேதான் இருக்கிறது.

உங்கள் மகள் கோகிலாவின் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரை ரைஸ்மில்காரருக்குக் கீழே, எம்.ஏ., எம்.ஃபில். இல்லாமல் அச்சடித்ததற்காக உங்களோடு வாய் திறந்து பேசுவதில்லை என்று குலதெய்வத்தின் முன்னால் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தேன். ஒன்பது வருடம் ஆகிறது. சத்தியம் வாய்க்குத்தான், கைக்கு இல்லை. ஆகவே இந்தக் கடிதம்.

நம் ஏரிக்கரை எலெவன் கால்பந்து அணிக்குப் பொங்கல் போட்டிக்காகச் சித்தேரி மலையிலிருந்து மல்லையன் என்ற பையனைக் கொண்டுவந்தார்கள் அல்லவா, சேலம் அணிக்குத் தடுப்பாட்டம் ஆடிய ஸ்டாப்பர். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரப் பயிற்சியில், கிழக்கு மூலைக்கொடி ஓரமாகப் பந்தை மறிக்கப் போனவன் கால் மண்ணுக்குள் இறங்கி, முட்டி திருகி விழுந்துவிட்டான். பெருச்சாளி வளை என்கிறார்கள். அப்படித்தான் இருக்கும். அங்கே பெருச்சாளிக்குப் பஞ்சமில்லை. மறுநாள் காலையிலேயே நான் போய், வேறு யாரும் விழுந்துவிடாதபடி மண்ணைப் போட்டு மிதித்து மூடிவிட்டேன்.

பதினோரு வருடம் செயலாளராக இருந்த என்னைப் போன ஆடியில் நீக்கிவிட்டு, என்னிடம் டியூஷன் படித்த குமாரைச் செயலாளர் ஆக்கினார்கள். ஆளைப் பிடித்து வந்தவன் அவன்தான். பையனின் முட்டியைப் பரிசோதித்தானா? என் கணக்குப்படி அது பழைய காயம். நல்ல முட்டி அவ்வளவு சுலபத்தில் போகாது.

சிகிச்சைக்காக உங்கள் வீட்டில் தங்கவைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். டாக்டர் என்ன சொல்கிறார், பையன் என்ன சொல்கிறான் என்று விவரமாக எழுதவும். இங்கே எல்லோரும் ஆவலாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தீர்த்தகிரி, எம்.ஏ., எம்.ஃபில்.

*

கோயம்புத்தூர்
11.1.2025

மாமாவுக்குப் பூவரசன் வணக்கத்தோடு எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். சர்க்கரைக்கு மாத்திரையை விடாமல் போடுங்கள். பத்திரிகை விஷயத்துக்கு இது நாற்பதாவது மன்னிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மல்லையன் வந்துவிட்டான். அதிகம் பேசாத பையன். நான் பன்னிரண்டு வருடம் நம் அணிக்கு ஸ்டாப்பராக ஆடியவன் என்று சொன்னதும் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "அண்ணா, அப்ப வயிறு எங்க வெச்சிருந்தீங்க?" என்றான். என் மனைவி இரண்டு நாளாகச் சிரிக்கிறாள்.

ஸ்கேனில் முட்டி லிகமென்ட் முழுக்கக் கிழிந்திருக்கிறது. ஆபரேஷன் உண்டு. மறுபடி ஆட ஒன்பது மாதம் என்கிறார் டாக்டர். பழைய காயம் என்ற உங்கள் கட்சியை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கிழிசல் புதிது என்று டாக்டரே சொன்னார். நவம்பரில்தான் அவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குத் தேர்வாகியிருக்கிறது. பிப்ரவரியில் உடல் தகுதித் தேர்வு. அதற்குள் எழுந்து நிற்க முடியாது, தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மலையில் அவன் அம்மா கருப்பி தினமும் போனில் கேட்பது ஒன்றுதான்: "கால் வருமாய்யா?"

அன்புடன்,
பூவரசன்

*

பாலக்கோடு
21.1.2025

மச்சான் பூவரசனுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

பொங்கல் போட்டியில் அரையிறுதியிலேயே மூன்று கோல் வாங்கி வெளியே வந்தோம். அன்றிலிருந்து மாதப்பன் டீக்கடையில் இதே வழக்குதான். மாதப்பன் சொல்கிறான்: "மூணே மாசங்க. மலைக்காரன் ஒடம்பு, கல்லு மாரி. ஏப்ரல்ல வந்து நிப்பான் பாருங்க." குமார் ஒரு வருடம் என்கிறான். மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப்போகும் டிராக்டர்காரன்கூட வண்டியை நிறுத்தி, புத்தூர்க் கட்டுப் போட்டிருந்தால் நாற்பத்தைந்து நாளில் ஓடியிருப்பான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறான். நான் ஓரமாக உட்கார்ந்து கேட்கிறேன். என்னை யாரும் கேட்பதில்லை. பத்தொன்பது வருடம் கல்லூரியில் சரித்திரம் நடத்தியும் நிரந்தரம் ஆக்காமல் அனுப்பப்பட்டவன் நான். கேட்கப்படாமல் இருப்பது எனக்குப் புதிதல்ல.

ஆனாலும் என் கருத்தை முறையாக எழுதுகிறேன். ஒன்று: சேலம் அணி இவ்வளவு நல்ல தடுப்பாட்டக்காரனை ஏன் விட்டது? இரண்டு: பயிற்சியின் முதல் நாளே அவன் வலது காலைச் சற்று இழுத்து நடந்ததை நான் பார்த்தேன். மூன்று: பெருச்சாளி வளை ஒன்றரைச் சாண் ஆழம் இருக்கும். அதற்குள் கால் போனால் சுளுக்கும், கிழியாது. ஆகவே இது மறைக்கப்பட்ட பழைய காயம். மைதானத்தின் மேல் குற்றமில்லை.

வளையைப் பற்றிப் பையன் ஏதாவது சொன்னானா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

தூக்கம் சரியில்லை. உங்கள் அக்கா, "என்னாங்க, வூட்டுக்குள்ள இப்படி நடந்துகிட்டே இருந்தா தரை தேஞ்சிடும்" என்கிறாள். சர்க்கரைதான் காரணம் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தீர்த்தகிரி, எம்.ஏ., எம்.ஃபில்.

*

கோயம்புத்தூர்
17.2.2025

மாமாவுக்கு வணக்கம்.

இங்கே நலம். தூக்கத்துக்கு டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஆறாம் தேதி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஊன்றுகோலோடு நடக்கிறான். முட்டி ஒட்டிவிடும் என்கிறார் டாக்டர்.

வளையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் அவனிடம் கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வளை இல்லீங்கண்ணா. நான் மலையில பொறந்தவன், கால் வெக்கிற எடத்த பாக்காம வெக்க மாட்டன். பாத்துதான் வெச்சன். புல்லு இருந்துச்சு. வெச்சதும் மெத்துனு உள்ள போயிடுச்சு."  பிறகு, "ஏங்கண்ணா, என் கண்ணுலதான் ஏதோ கோளாறா?" என்றான்.

உங்கள் தோட்டம் அந்த மூலையை ஒட்டித்தானே இருக்கிறது. ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு எழுதுங்களேன். அவன் மனசுக்கு ஒரு பதில் கிடைக்கும்.

அன்புடன்,
பூவரசன்

*

பாலக்கோடு
22.2.2025

பூவரசா,

பார்க்கத் தேவையில்லை. எனக்குத் தெரியும்.

என் கிணறு மைதானத்துக்கு அந்தப் பக்கம், தக்காளிக் கொல்லை இந்தப் பக்கம். சொட்டுநீர்க் குழாயை மூலைக்கொடி வழியாகக் கொண்டுவந்தால் இருபது அடியில் முடியும், சுற்றிக்கொண்டு போனால் முந்நூறு அடி. முன்பு என்றால் செயலாளர் நானே. இப்போது குமாரிடம் போய் நின்று, "தம்பி, அனுமதி கொடு" என்று கேட்க வேண்டும். எட்டாம் வகுப்பில் அவனுக்குப் பானிபட் போரை மூன்று முறை சொல்லிக்கொடுத்தவன் நான்.

கேட்கவில்லை. ஞாயிறு மதியம் ஆளில்லாத நேரத்தில் ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினேன். குழாயைப் போட்டு, தளர்ந்த மண்ணைத் தள்ளி, தெரியாமல் இருக்க மேலே புல் கட்டிகளைப் பெயர்த்து வைத்தேன். அவ்வளவு நேர்த்தியாக வைத்தேன். மூன்று மணிக்கு மழை தூறியது. ஐந்து மணிக்கு அவன் ஓடிவந்தான்.

வேலிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்ததும் அவன் கத்தவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு, கால் போன இடத்தையே பார்த்தான். யாரோ "பெருச்சாளி வளைடா" என்றார்கள். எனக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது, நிம்மதி போல. அதை நினைத்தால்தான் இப்போது அதிகம் பயமாக இருக்கிறது. மறுநாள் விடியும்போதே குழாயை உருவிவிட்டேன்.

வாசலில் பைக் நின்றால் குமார் என்று நினைக்கிறேன். உங்கள் அக்கா போனில் மெதுவாகப் பேசினால் இதுதான் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். காலை இழுத்து நடந்தான் என்று எழுதினேனே, அவன் இழுத்து நடக்கவில்லை. மான் மாதிரி நடந்தான்.

தீர்த்தகிரி

[இந்தக் கடிதம் அஞ்சலில் சேர்க்கப்படவில்லை.]

*

பாலக்கோடு
24.2.2025

மச்சான் பூவரசனுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

மூலையைப் பார்த்தேன். மண் கெட்டியாக இருக்கிறது. சொல்லும்படியாக ஒன்றுமில்லை. தக்காளி விலை விழுந்துவிட்டது. பையனுக்கு ஒரு கூடை அனுப்பியிருக்கிறேன். பஸ்ஸில் வருகிறது, வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தீர்த்தகிரி

*

கோயம்புத்தூர்
29.4.2025

மாமாவுக்கு வணக்கம்.

நலமா? இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. தூக்கத்தில் பேசுகிறீர்கள் என்று அக்கா சொன்னாள். என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டேன், புரியவில்லையாம்.

நீங்கள் அனுப்பிய தக்காளியைப் பார்த்து மல்லையன் சொன்னான்: "ஊர்லயிருந்து கேட்டு எழுதறவரு வாத்தியாரு ஒருத்தருதாங்கண்ணா. பிராக்டீஸ்ல தோள்ல தூக்கிட்டுப் போனவனுங்க ஒருத்தனும் போன் பண்ணல."

இப்போது ஒரு சிக்கல். உடல் தகுதித் தேர்வைத் தள்ளிவைக்கத் துறையில் சம்மதிக்கிறார்கள். ஆனால் காயம் வேலைக்குத் தேர்வான பிறகுதான் பட்டது, மைதானத்தில் இப்படிப் பட்டது என்று அணியிடமிருந்து எழுத்தில் வாங்கிவரச் சொன்னார்கள். குமாருக்கு எழுதினேன். கமிட்டி கூடி என்ன பதில் கொடுத்திருக்கிறது தெரியுமா? "வீரருக்கு ஏற்கெனவே இருந்த காயம் மறைக்கப்பட்டிருக்கலாம் என்று தெரியவருகிறது."

தப்பு என் மேலும் இருக்கிறது. ஜனவரியில் நீங்கள் எழுதிய கடிதத்தை, ஒன்று, இரண்டு, மூன்று என்று நீங்கள் வாதாடிய அழகைப் பார்த்து, விளையாட்டாகப் போட்டோ எடுத்து அணியின் வாட்ஸாப் குழுவில் போட்டேன். டீக்கடைச் சண்டைக்கு ஆகுமே என்றுதான். குமார் போனில் சொல்கிறான்: "படிச்ச மனுசன், ரெண்டு கண்ணால பாத்து எழுதியிருக்காருங்க. அவரு சும்மா எழுதுவாரா? ஊரே அதத்தான் சொல்லுது."

இந்தத் தாள் துறைக்குப் போனால் வேலை போய்விடும். பொய் சொல்லிச் சேர்ந்தவன் என்று பெயரும் நிற்கும்.

இன்னொன்று. முட்டி நன்றாக ஒட்டிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிமென்ட் தரையில் ஓடுகிறான். புல்தரையில் இறங்கச் சொன்னால் ஓரத்திலேயே நிற்கிறான்.  "பாத்து வெச்ச எடமே எறங்கிடுச்சே, இனி எதப் பாத்து வெக்கறது?" என்கிறான். இதற்கு டாக்டரிடம் மருந்து இல்லை.

நீங்கள் சொன்னால் கமிட்டி கேட்கும் மாமா. ஒரு வரி எழுதுங்கள்.

பூவரசன்

*

கோயம்புத்தூர்
30.5.2025

மாமாவுக்கு,

வணக்கம். பதில் இல்லை. நேற்று அக்கா போனை உங்கள் காதில் வைத்தாளாம், நீங்கள் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டீர்களாம். என்னோடு பேச வேண்டாம். ஜூன் முப்பதாம் தேதி கடைசி நாள் என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூலையில் உண்மையிலேயே ஒன்றும் இல்லையா மாமா? நீங்கள் அந்தப் பிப்ரவரிக் கடிதத்தில் பட்டம் போடாமல் கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். முப்பது வருடத்தில் முதல் தடவை.

பூவரசன்

*

பாலக்கோடு
16.6.2025

பூவரசா,

நலம் விசாரிக்கும் தகுதி இன்று எனக்கு இல்லை. இத்தோடு பிப்ரவரியில் எழுதி, அலமாரியில் மொகலாயர் வரலாற்றுக்குள் வைத்திருந்த கடிதத்தை இணைத்திருக்கிறேன். முதலில் அதைப் படித்துவிட்டு இதைப் படி.

வாழ்நாள் முழுக்க என் பேச்சை யாரும் கேட்கவில்லை என்று குறைப்பட்டவன் நான். கல்லூரி கேட்கவில்லை, அணி கேட்கவில்லை, நீயும் பத்திரிகை அடிக்கும்போது கேட்கவில்லை. ஒரே ஒரு முறை ஊர் முழுக்க என் சொல்லைக் கேட்டது. அது நான் சொன்ன பொய். உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்துவிட்டு ஒன்றரை மாதம் பயத்திலேயே கிடந்தேன். அடிப்பார்களோ, போலீசோ என்பது கொஞ்சம்தான். மாதப்பன் கடையில் ஓரமாக உட்கார ஒரு இடம் இருந்ததே, அதுவும் போய்விடும் என்ற பயம். இந்த வயதில் இவ்வளவு சின்ன பயம் என்று வெட்கமாக இருக்கிறது. ஆனால் பயம் அதுதான்.

நேற்று ஞாயிறு. கமிட்டி நூலக வாசலில் கூடியிருந்தது. போய் நின்றேன். குமார் எழுந்து நாற்காலி போட்டான். "சார், நீங்க எழுதுன பாயிண்ட்ட வெச்சுதான் தீர்மானமே போட்டோம்" என்றான் மரியாதையாக.

"அந்த மூணும் பொய்ப்பா. குழி நான் வெட்டினது" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். "சாருக்குச் சர்க்கரை எறங்கிடுச்சு, டீ சொல்லுங்கடா" என்றான் மாதப்பன்.  வீட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மூலைக்கொடிக்கு நடந்தேன். எல்லோரும் பின்னால் வந்தார்கள். குழாய் போன வழியை வெட்டிக் காட்டினேன். ஆறு மாதமாகியும் அந்தக் கோட்டில் மண் கலங்கிய நிறமாகவே இருக்கிறது. மேலே வைத்த புல் வேர் பிடிக்கவில்லை, பாய் மாதிரி சுருண்டு வந்தது. என் வேலி வரைக்கும் நேராக ஓடியது கோடு.

யாரும் என்னை அடிக்கவில்லை. குமார் மட்டும், "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே சார்" என்றான். அதற்குப் பதில் அவன் அடித்திருக்கலாம்.

பழைய தீர்மானத்தை அங்கேயே ரத்து செய்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நானும் என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். இரண்டும் இதோடு இருக்கின்றன. துறைக்கு அனுப்பிவிடு. மல்லையனிடம் என் கடிதத்தைப் படித்துக் காட்டு. அவன் கண்ணில் கோளாறு இல்லை என்பதை முதலில் சொல்.

இதைச் சொல்லவாவது போன் செய்திருக்கலாம் என்று உன் அக்கா அழுகிறாள். எனக்கும் தோன்றியது. உன் குரலைக் கேட்கப் பயமாக இருக்கிறது.

தீர்த்தகிரி

*

கோயம்புத்தூர்
13.7.2025

வாத்தியார் சாருக்கு மல்லையன் எழுதுவது.

நீங்களும் உங்க வீட்டு அம்மாவும் நல்லா இருக்கணும். நான் நல்லா இருக்கிறேன்.

வேலைக்கு டிசம்பர் வரைக்கும் டைம் கொடுத்துவிட்டார்கள். உங்கள் லெட்டரை அண்ணன் எனக்குப் படித்துக் காட்டினார். பாதியில் அவரால் முடியவில்லை, மீதியை நானே படித்தேன். ஒரு வாரம் உங்கள் பேரைச் சொன்னாலே சாப்பிடாமல் எழுந்து போனேன். கோபம் இல்லை என்று எழுதமாட்டேன். எங்க அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மலையிலிருந்து இறங்கி நேராக உங்கள் வீட்டுக்கு வரும். அதன் வாய் தாங்கமாட்டீர்கள்.

ஆனால் ஒன்று சார். குழி இருந்தது, ஆள் வெட்டியது என்று தெரிந்த அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்தது. மண்ணு தானா இறங்கவில்லை. நான் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் இங்கே புல்லில் இறங்கினேன். நாலு அடி போனேன், அதற்குமேல் கால் வரவில்லை. டாக்டர், விழுந்த இடத்திலேயே போய் நடந்து பார் என்கிறார். அதனால் வருகிற ஞாயிறு, இருபதாம் தேதி, காலை பஸ்ஸில் வருகிறேன். பூவரசன் அண்ணனும் வருகிறார். அவரோடு நீங்கள் பேச வேண்டியதில்லை என்று அவரே எழுதச் சொன்னார்.

நீங்கள் மூலைக்கொடிக்கிட்ட நில்லுங்க சார். செருப்பு போடாமல் வாங்க. எனக்கு அந்த இடத்தை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும் என்று அண்ணன் சொன்னார்.

முதல்ல நீங்க நடங்க. நீங்க கால் வெச்ச எடத்துல நான் வெக்கிறேன்.

மல்லையன்